மூன்று துறைகளும் ஒரு நோயும்

மனிதருக்கு வரும் நோயை மருத்துவர் பார்க்கிறார். ஆடு மாடுகளுக்கு வரும் நோயைக் கால்நடை மருத்துவர் பார்க்கிறார். காட்டையும் நீர்நிலையையும் அவற்றில் வாழும் உயிர்களையும் உயிரியல் அறிஞரும் வனத்துறையினரும் பார்த்துக்கொள்கின்றனர். இது நாம் நம்முடைய வசதிக்காக வகுத்துக்கொண்ட முறை. இம்முறையால் ஒவ்வொரு துறையிலும் அறிவு ஆழ்ந்து வளர்ந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் நாம் செய்துகொண்ட இந்தப் பாகப்பிரிவினை நோய்க்குத் தெரியாது. அது கொட்டிலிலிருந்து வீட்டுக்குள் வரும். காட்டிலிருந்து வயலுக்கு வரும். எந்த வாயிலிலும் அது அனுமதி கேட்டு நிற்பதில்லை.

வெறிநாய்க்கடியை அறியாதார் இல்லை. அடைப்பான் என்னும் நோய் ஆடு மாடுகளைக் கொல்வதோடு, அவற்றின் தோலையும் இறைச்சியையும் கையாளும் மனிதரையும் பற்றுகிறது. எலிக்காய்ச்சல், எலியின் சிறுநீர் கலந்த நீரில் இறங்கி நிற்பவரின் காலிலுள்ள சிறு கீறல் வழியாக உடலுக்குள் புகுகிறது. இவை எங்கோ ஒன்றிரண்டாக நிகழும் விதிவிலக்குகள் அல்ல. எடின்பரோப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர் மனிதனுக்கு நோய் உண்டாக்கும் உயிரிகளைக் கணக்கெடுத்து, 2001ஆம் ஆண்டில் 1,415 வகைகளைப் பட்டியலிட்டனர். அவற்றுள் 868 வகைகள், அதாவது நூற்றுக்கு 61, விலங்கிடமிருந்து மனிதனுக்குப் பரவக்கூடியவை என்று கண்டனர்.

நோய் இவ்வாறு மூன்று துறைகளையும் ஊடுருவிச் செல்லுமாயின், அதனை ஆராயும் அறிவும் மூன்றையும் ஊடுருவிச் செல்ல வேண்டாமா? மனிதர், விலங்கு, சூழல் ஆகிய மூன்றன் நலத்தையும் சேர்த்துப் பார்க்கும் இந்த நோக்கினை ஆங்கிலத்தில் 'ஒன் ஹெல்த்' என்பர். நாம் அதனை 'ஒரே நலம்' என்று வழங்கலாம். சொல் எளிது, செயல் அரிது. அதனைச் செய்யத்தக்க ஆட்களையும் ஆய்வகங்களையும் உருவாக்கும் கடமை பல்கலைக்கழகங்களைச் சார்ந்தது. அக்கடமை எத்தகையது, அதில் தவறினால் விளையும் இழப்பு யாது என்பதை மெய்யாக நடந்த ஒரு நிகழ்ச்சியின் வாயிலாகக் காண்போம்.

1998ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். மலேசியாவில், பேராக் மாநிலத்து ஈப்போ நகரை அடுத்த பன்றிப் பண்ணைகளில் வேலை செய்வோர் சிலர் கடுங்காய்ச்சலும் தலைவலியும் கண்டு மருத்துவமனையில் சேர்ந்தனர். சில நாட்களில் அவர்களுக்கு நினைவு தடுமாறிற்று. சிலர் மயக்கம் தெளியாமலே மாண்டனர். நோய் மூளையைத் தாக்குகிறது என்பது தெளிவாயிற்று. அந்நாட்டிற்கு மூளைக் காய்ச்சல் புதிதன்று. கொசுவால் பரவும் ஜப்பானிய மூளைக் காய்ச்சல் அங்கு முன்னரே இருந்தது. அதன் கிருமி பன்றியின் உடலிற் பெருகிக் கொசு வழியே மனிதனை அடைவது. பன்றி, கொசு, மூளைக் காய்ச்சல் ஆகிய மூன்றும் ஒரே இடத்திற் கூடி நின்றமையால், இதுவும் அந்நோயே என்று அதிகாரிகள் கருதினர். நோயுற்ற சிலரது குருதியில் அதற்குச் சான்றும் கிடைத்தது. ஆதலின் அவ்வெண்ணத்தை எள்ளி நகையாடுதல் நேர்மையாகாது. கொசுவை ஒழிக்கப் புகை அடித்தனர். மக்களுக்குத் தடுப்பூசி போட்டனர்.

ஆயினும் நோய் நிற்கவில்லை. கூர்ந்து நோக்கியவர்க்குச் சில முரண்பாடுகள் புலப்பட்டன. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றுவது; இந்நோயோ வளர்ந்த ஆண்களையே மிகுதியாகப் பற்றிற்று. கொசு ஆள் பார்த்துக் கடிப்பதில்லை. பண்ணையிலுள்ளாரைக் கடிக்கும் கொசு பக்கத்து வீட்டாரையும் கடிக்கும். நோயோ பன்றிகளோடு நெருங்கிப் பழகியவரை மட்டும் தேடித் தேடிப் பிடித்தது. பண்ணை முதலாளிகளான சீனரும், அங்குக் கூலி வேலை செய்த இந்தியர் சிலரும் அதற்கு இரையாயினர். பன்றியைத் தீண்டாத மலாய் மக்களிடையே நோய் ஏறக்குறைய இல்லை. தடுப்பூசி போட்டுக்கொண்டவர்களும் நோயுற்றனர்.

எல்லாவற்றினும் பெரிய தடயம் கொட்டிலில் இருந்தது. மனிதர் நோயுற்ற பண்ணைகளில் அதற்குச் சற்று முன்னரே பன்றிகளும் நோயுற்றிருந்தன. அவை தொலைவிலிருந்தே கேட்கும்படி குரைப்பது போல் இருமின, மூச்சுத் திணறின, சில இறந்தன. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் கிருமி வளர்ந்த பன்றியை இவ்வாறு வருத்துவதில்லை. இருமும் பன்றியைக் கண்டவர் ஒருவர். மயங்கிக் கிடக்கும் மனிதனைக் கண்டவர் மற்றொருவர். இரு காட்சிகளும் ஒரே ஏட்டில் எழுதப்பட்டிருந்தால் ஐயம் முன்னதாகவே எழுந்திருக்கும்.

இதற்கிடையில் அச்சமுற்ற பண்ணைக்காரர் பன்றிகளை மலிவாக விற்றனர். லாரிகளில் ஏறிச் சென்ற பன்றிகளோடு நோயும் தெற்கே பயணம் செய்தது. நெகிரி செம்பிலான் மாநிலத்தில், நாட்டின் பெரிய பன்றி வளர்ப்புப் பகுதியாக அன்று விளங்கிய புக்கிட் பெலாண்டோக் வட்டாரத்தை அடைந்தபோது, அது பெருந்தீயாக மூண்டது. 1999 மார்ச்சில் சிங்கப்பூரின் இறைச்சிக் கூடத் தொழிலாளர் 11 பேர் நோயுற்றனர், ஒருவர் இறந்தார். அவர்கள் மலேசியாவிலிருந்து வந்த பன்றிகளைக் கையாண்டவர்கள்.

நோயின் மெய்யுருவைக் கண்டவர் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ நுண்ணுயிரியல் துறையில் வைரஸ் இயலில் பயிற்சி பெற்றுவந்த சுவா கா பிங் என்னும் மருத்துவர். அவர் சுங்கை நிப்பா என்ற சிற்றூரைச் சேர்ந்த நோயாளி ஒருவரின் மூளைத் தண்டுவட நீரைப் பெற்று, ஆய்வகத்தில் வளர்க்கப்படும் குரங்குச் சிறுநீரக உயிரணுக்களில் இட்டு நாள்தோறும் பார்த்துவந்தார். சில நாட்களில் அவ்வுயிரணுக்கள் ஒன்றோடொன்று உருகிக் கலந்து பெரிய உருண்டைகளாயின. ஜப்பானிய மூளைக் காய்ச்சல் கிருமி அவ்வாறு செய்வதன்று. தம் துறையின் ஆய்வகத்தில் எட்டிய எல்லைக்கு அப்பால் செல்ல வேண்டி, 1999 மார்ச் மாதத்தில் அவர் அம்மாதிரியை அமெரிக்காவிற்கு எடுத்துச் சென்றார். அங்கு மின்னணு நுண்ணோக்கியில் கிருமியின் வடிவம் தெரிந்தது. அது 1994ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவில் குதிரைகளையும் மனிதரையும் கொன்ற ஹெண்ட்ரா வைரஸுக்கு நெருங்கிய உறவு. ஆனால் அதுவரை எவரும் அறியாத புதுக் கிருமி. நோயாளியின் ஊர்ப் பெயரால் அதற்கு நிப்பா வைரஸ் என்று பெயரிட்டனர்.

அடையாளம் தெரிந்தவுடன் செய்ய வேண்டுவது யாது என்பதும் தெரிந்தது. பகைவன் கொசு அன்று. பன்றி வழியே வரும் கிருமி. பன்றிப் போக்குவரத்துத் தடுக்கப்பட்டது. 1999 பிப்ரவரி இறுதி முதல் ஏப்ரல் இறுதி வரை, இராணுவத்தின் துணையோடு, நோய்ப் பகுதிகளில் 9 இலட்சத்திற்கும் மேற்பட்ட பன்றிகள் கொன்று புதைக்கப்பட்டன. நோய் அடங்கிற்று. மலேசியாவில் அதற்குள் 265 பேர் நோயுற்று 105 பேர் இறந்துவிட்டனர். பண்ணைகள் பல மூடப்பட்டன. அவற்றை நம்பிய குடும்பங்கள் வேலையிழந்தன. செப்டம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையே கழிந்த ஆறு மாதங்களின் விலை இது.

அத்துடன் ஆராய்ச்சி முடிந்துவிடவில்லை. பன்றிக்குக் கிருமி எங்கிருந்து வந்தது? இக்கேள்விக்கு விடை காணக் காட்டுக்குள் செல்ல வேண்டியிருந்தது. பழந்தின்னி வௌவால்களின் மீது ஐயம் விழுந்தது. தியோமான் தீவில் அவ்வௌவால்கள் தொங்கும் மரங்களின் அடியில் ஆராய்ச்சியாளர் பிளாஸ்டிக் விரிப்புகளைப் பரப்பி, சொட்டும் சிறுநீரைச் சேகரித்தனர். அவை பாதி தின்று போட்ட பழங்களையும் எடுத்தனர். அச்சிறுநீரிலும், பழம் ஒன்றிலும் நிப்பா வைரஸ் கிடைத்தது. இம்முடிவு 2002ஆம் ஆண்டில் வெளியாயிற்று. நோய் தொடங்கிய ஈப்போப் பகுதியின் பெரும்பண்ணையில் பல்லாயிரம் பன்றிகள் நெருக்கமாக வளர்க்கப்பட்டன. கொட்டில்களை ஒட்டியே மாமரங்களும் நடப்பட்டிருந்தன. வௌவால் கடித்த பழம் கொட்டிலில் விழுந்தது, பன்றி தின்றது, நெருக்கத்தால் நோய் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பரவிற்று, பிறகு மனிதனை அடைந்தது. பன்றியோடு மாவும் பயிரிட்டால் வருவாய் இரட்டிக்கும் என்பது பண்ணையாரின் கணக்கு. அக்கணக்கில் வௌவால் சேர்க்கப்படவில்லை.

மருத்துவம் மட்டும் பயின்றவர் இதனைக் கண்டிருக்க முடியாது. கால்நடை மருத்துவம் மட்டும் அறிந்தவரும், வௌவாலை மட்டும் அறிந்தவரும் தனித்தனியே கண்டிருக்க முடியாது. தோட்டம் போடும் உழவனின் வரவு செலவை அறிந்தவரும் இக்கூட்டத்திற்கு வேண்டும். ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது. துண்டுகளைப் பொருத்தும் மேசை இல்லை. அந்த மேசையை அமைத்துத் தருவதே பல்கலைக்கழகத்தின் வேலை.

மேசை முன்னரே அமைந்திருந்தால் என்ன நன்மை என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 1952ஆம் ஆண்டில் பூனா நகரில் வைரஸ் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அது பல்கலைக்கழகம் அன்று. ஆயினும் மருத்துவர், பூச்சியியல் அறிஞர், விலங்கியல் அறிஞர் முதலியோர் ஒரே கூரையின் கீழ் வேலை செய்த இடம். 1957இல் அன்றைய மைசூர் மாநிலத்தைச் சேர்ந்த ஷிமோகா மாவட்டத்தில், கியாசனூர்க் காட்டில் குரங்குகள் மடிவதாகவும், காட்டோரத்து ஊர்களில் மக்கள் காய்ச்சலால் இறப்பதாகவும் செய்தி வந்தது. பூனாவிலிருந்து ஆராய்ச்சிக் குழு அங்குச் சென்றது. குரங்கையும் மனிதனையும் கொல்வது ஒரே வைரஸ் என்பதும், அது உண்ணியால் பரவுவது என்பதும் விரைவிலேயே தெரியவந்தன. ஆய்வகமும் ஆட்களும் ஐந்தாண்டுகளுக்கு முன்னரே ஆயத்தமாக இருந்தமையே இவ்விரைவுக்குக் காரணம்.

அவ்வாராய்ச்சி காட்டிய வழிகள் பலவாம். அந்த உண்ணி முதிர்ந்த பருவத்தில் மாட்டின் குருதியை உண்டு பெருகுவது. மக்கள் பெருகிக் காடு அழிந்து, எஞ்சிய காட்டில் மாடு மேய்ச்சல் மிகுந்தபோது உண்ணியும் மிகுந்தது என்று போஷெல் என்னும் அறிஞர் 1969இல் விளக்கினார். இக்கிருமிக்கு ரஷ்ய நாட்டுக் கிருமி ஒன்றோடு ஒற்றுமை இருந்ததால், வலசை வரும் பறவைகள் இதனைக் கொணர்ந்தனவோ என்ற ஐயமும் எழுந்தது. அதனை ஆராயப் பறவையியல் அறிஞர் சாலிம் அலியின் துணையை நாடினர். உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1959 முதல் பறவைகளின் காலில் வளையம் இட்டு அவற்றின் போக்குவரத்தை ஆராய்ந்தது. காய்ச்சலில் தொடங்கிய கேள்வி வானத்துப் பறவை வரை சென்றதைக் காண்க. ஒரே நலம் என்ற பெயர் வழங்குமுன்னரே அதன் செயல் நம் நாட்டில் நடந்திருக்கிறது.

அண்மைக் காலத்திலும் ஒரு சான்று கூறலாம். 2018 மே மாதத்தில் கேரளத்தின் கோழிக்கோடு மாவட்டத்தில் ஒரே குடும்பத்தினர் அடுத்தடுத்து மூளைக் காய்ச்சலுற்றனர். ஐயங்கொண்ட மருத்துவர்கள் மாதிரிகளை மணிப்பால் பல்கலைக்கழகத்தின் வைரஸ் ஆய்வு மையத்திற்கு அனுப்பினர். நிப்பா என்று அங்கு விரைவிலேயே கண்டனர்; பூனாவிலுள்ள தேசிய நிலையம் அதனை உறுதி செய்தது. உயிரிழப்பு நேர்ந்தது உண்மையே. எனினும் நோயின் பெயர் உடனே தெரிந்தமையால், நோயாளிகளோடு பழகியவர் அனைவரையும் தேடிக் கண்டு, தனியே வைத்துக் காத்து, சில வாரங்களில் பரவலை நிறுத்த முடிந்தது. ஆறு மாதம் எங்கே, சில நாள் எங்கே!

இந்நோக்கின் வரலாறு நீண்டது. கனடாவின் மான்றியல் நகரில் வில்லியம் ஆஸ்லர் என்னும் புகழ்பெற்ற மருத்துவர், 1870களில் மக்கிள் பல்கலைக்கழக மருத்துவ மாணவர்க்கும், அந்நகரத்துக் கால்நடை மருத்துவக் கல்லூரி மாணவர்க்கும் ஒருங்கே கற்பித்தார். கால்வின் ஷ்வாபே என்னும் கால்நடை மருத்துவர் பெய்ரூத் நகரின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் பணிபுரிந்தபோது, நாயின் குடலில் வாழ்ந்து ஆட்டிலும் மனிதனிலும் நீர்க்கட்டிகளை உண்டாக்கும் நாடாப்புழுவை ஆராய்ந்தார். நாய், ஆடு, மனிதன் என மூன்றையும் ஒருங்கே பாராமல் அந்நோயை அறிய வழியில்லை. 1966இல் அவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்திற்கு வந்து, கால்நடை மருத்துவக் கல்லூரியிலேயே நோய்ப் பரவலியல் துறை ஒன்றை நிறுவினார். 2004இல் நியூயார்க் நகரில் கூடிய அறிஞர் மாநாடு 'ஒரே உலகம், ஒரே நலம்' என்ற கொள்கையை 12 விதிகளாக வகுத்தது.

கொள்கை சரி, பல்கலைக்கழகம் இன்று செய்ய வேண்டியது என்ன? முதலாவது, சேர்ந்து கற்பித்தல். எலிக்காய்ச்சலையே எடுத்துக்கொள்வோம். மழைக்குப் பின் ஓர் ஊரில் சிலர் நோயுறுகின்றனர். மருத்துவர் மருந்து கொடுக்கிறார், நோய் தீர்கிறது. அடுத்த மழையில் மறுபடியும் வருகிறது. மருத்துவ மாணவர், கால்நடை மருத்துவ மாணவர், உயிரியல் மாணவர், சமூகவியல் மாணவர் ஆகிய நால்வரையும் அவ்வூருக்கு ஒன்றாக அனுப்புங்கள். ஒருவர் நோயாளியின் குருதியைச் சோதிப்பார். ஒருவர் மாட்டின் குருதியைச் சோதிப்பார். ஒருவர் எலியைப் பிடித்து, வாய்க்கால் நீரையும் எடுப்பார். மற்றவர், அந்நீரில் வெறுங்காலோடு நாள்தோறும் இறங்குபவர் யார், ஏன் இறங்குகின்றனர் என்று கேட்டறிவார். மாலையில் நால்வரும் ஒரே படத்தில் தாம் கண்டதைக் குறிப்பார்கள். அந்த ஒரு மாலையில் கற்பதை ஓராண்டு வகுப்பறையில் கற்க முடியாது. பிறர் துறையின் மொழி காதுக்குப் பழகுவதும், தம் துறையின் எல்லை தமக்கே தெரிவதும் இப்பயிற்சியின் பயன்களாம்.

இரண்டாவது, ஆய்வகம். கொடிய கிருமிகளைக் கையாளும் ஆய்வகத்தில் கிருமி வெளியேறாதபடி காற்றையும் கழிவையும் அடக்கியாளும் பாதுகாப்பு வேண்டும். மாதிரிகளைக் கடுங்குளிரில் வைக்க இடையறாத மின்சாரம் வேண்டும். கருவியை வாங்குவது ஒரு நாள் வேலை. பேணுவது ஆண்டெல்லாம் உள்ள வேலை. பழுது பார்க்க ஆளின்றித் துணி போர்த்து நிற்கும் கருவியால் யாருக்குப் பயன்? ஆகவே கருவியின் விலையோடு, அதனை இயக்கும் தொழில்நுட்பரின் சம்பளத்தையும் உதிரி உறுப்புகளின் செலவையும் சேர்த்தே கணக்கிடல் வேண்டும்.

மூன்றாவது, நீண்டகாலக் குறிப்பு. எந்த மாதத்தில் எத்தனை வௌவால், எந்தக் காட்டில் எத்தனை உண்ணி, எவ்வூரில் எத்தனை கன்று கருச்சிதைந்தது, எவ்வளவு மழை என்ற குறிப்புகள் ஆண்டுதோறும் விடாமல் எழுதப்பட்டால்தான், வழக்கத்திற்கு மாறானது எது என்று சொல்ல முடியும். நாள்தோறும் பார்த்தவனுக்கே இன்றைய மாற்றம் தெரியும். இப்பணியில் புகழ் குறைவு. ஆனால் பெரும்பாலான கண்டுபிடிப்புகள் இதன்மேல்தான் நிற்கின்றன.

நான்காவது, பதவியும் பட்டமும் பற்றிய விதி. இரு துறைகளைச் சேர்த்து ஆராயும் மாணவனின் ஆய்வேட்டை யார் மதிப்பிடுவது? அவனுக்கு எந்தத் துறையில் வேலை? இவற்றிற்கு விடை இல்லையெனில், ஆற்றில் ஒரு காலும் சேற்றில் ஒரு காலுமாக நின்று அவன் வருந்துவான். அவனைக் கண்டவர் எவரும் அவ்வழியிற் செல்லார். இது அலுவலக விவகாரம் போலத் தோன்றும். ஆயினும் கட்டடத்தைவிட இவ்விதிகளே ஆராய்ச்சியை வாழவைப்பவை.

ஐந்தாவது, மக்களின் நம்பிக்கை. வங்காளதேசத்தில் 2001 முதல் நிப்பா நோய் அடிக்கடி தோன்றிவருகிறது. அங்குப் பன்றி காரணம் அன்று. குளிர்காலத்தில் ஈச்சமரத்தைச் சீவிக் கலயம் கட்டி இரவெல்லாம் வடியும் சாற்றை, நாம் பதநீர் அருந்துவது போல, விடியற்காலையில் காய்ச்சாமல் அருந்துவது அம்மக்கள் வழக்கம். இருளில் வௌவால் வந்து அச்சாற்றை நக்குவதையும் கலயத்தை அசுத்தப்படுத்துவதையும் ஆராய்ச்சியாளர் இரவிலும் படம் பிடிக்கும் கருவி கொண்டு கண்டனர். சாறு அருந்தாதீர் என்று கட்டளையிடுவது எளிது, கேட்பவர் யார்? ஆராய்ச்சியாளர் மரமேறும் தொழிலாளரிடமே சென்று கேட்டனர். வௌவாலைத் தடுக்கச் சீவிய இடத்தையும் கலயத்தையும் மூங்கில் தட்டியால் மறைத்துக் கட்டும் வழக்கம் அவர்களுள் சிலரிடம் முன்னரே இருந்தது. அத்தட்டியைச் சோதித்தபோது அது வௌவாலைத் தடுப்பதைக் கண்டனர். மரமேறியின் அறிவும் ஆய்வகத்தின் அறிவும் இவ்வாறு கைகோத்தன. உழவனும் அப்படியே; மாடு நோயுற்றது என்று சொன்னால் இழப்பே மிஞ்சும் என்று அஞ்சினால் அவன் வாய் திறவான். இழப்பீடும் மதிப்பும் உண்டு என்று நம்பினால், முதலிற் செய்தி தருபவன் அவனே.

இவ்வழியில் சில நாடுகள் முயன்றுள்ளன. கிழக்கு, நடு ஆப்பிரிக்க நாடுகளின் பொதுச் சுகாதாரக் கல்லூரிகளும் கால்நடை மருத்துவக் கல்லூரிகளும் 2010இல் ஒரு கூட்டமைப்பில் இணைந்தன. அதன் தலைமையகம் உகாண்டாவின் கம்பாலா நகரில் அமைந்தது. 2011இல் இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து, வியட்நாம் ஆகிய நாடுகளின் பல்கலைக்கழகங்கள் அத்தகைய கூட்டமைப்பைத் தென்கிழக்கு ஆசியாவில் தொடங்கின. இவை பெரிதும் அமெரிக்க அரசின் அயல்நாட்டு உதவி நிறுவனத்தின் பொருளுதவியால் வளர்ந்தவை. 2025 ஜூலையில் அந்நிறுவனம் தன் உதவிப் பணிகளை நிறுத்தி மூடப்பட்டது. இதிலிருந்து நாம் கற்க வேண்டுவது ஒன்று உண்டு. பிறர் தரும் நீரால் நாற்று தளிர்க்கலாம். வேர் நம் நிலத்திற் செல்லவேண்டும். நிலையான ஆசிரியப் பதவிகளும், ஆண்டுதோறும் ஒதுக்கும் சொந்தப் பணமுமே அந்த வேர். ஐந்தாண்டுத் திட்டம் முடிந்ததும் பயிற்சி பெற்ற இளைஞர் கலைந்து போவாராயின், அடுத்த நோய் வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

நம் தமிழ்நாட்டின் நிலையை எண்ணிப் பார்ப்போம். சென்னை மருத்துவக் கல்லூரி 1835இலும், சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இலும் தோன்றியவை. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்கு நடந்தே சென்றுவிடலாம். இன்று மருத்துவத்திற்கு ஒரு பல்கலைக்கழகம், கால்நடை அறிவியலுக்கு ஒரு பல்கலைக்கழகம், வேளாண்மைக்கு ஒரு பல்கலைக்கழகம், மீன்வளத்திற்கு ஒரு பல்கலைக்கழகம் எனத் தனித்தனியே உள்ளன. ஒவ்வொன்றும் தன் துறையில் ஆழ்ந்து செல்ல இவ்வமைப்பு உதவுகிறது. ஆனால் இவற்றிடையே பாலம் தானாக அமையாது, கட்டினால்தான் அமையும். 2022 டிசம்பரில் நாகபுரியில் ஒரே நலத்திற்கெனத் தேசிய நிலையம் ஒன்றிற்கு அடிக்கல் நாட்டப்பட்டது. நாட்டிற்கு ஒரு நிலையம் மட்டும் போதாது. மாவட்டந்தோறும் உள்ள கல்லூரிகளில் இப்பயிற்சி பரவினால்தான், முதல் நோயாளியையும் முதல் நோயுற்ற மாட்டையும் காணும் கண்கள் ஆயத்தமாக இருக்கும்.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் மருத்துவம் பயில்வீர்கள். சிலர் கால்நடை மருத்துவமும் சிலர் தாவரவியலும் பொருளாதாரமும் பயில்வீர்கள். எத்துறையிற் புகுந்தாலும் அதனை ஆழ்ந்து கற்க வேண்டும். அரைகுறையாக நான்கைத் தெரிந்துகொள்வது ஒரே நலம் ஆகாது. ஆனால் அத்துறையின் சுவரில் ஒரு சாளரத்தைத் திறந்து வையுங்கள். நோயாளியைப் பார்க்கும் மருத்துவர், "உங்கள் வீட்டில் ஆடு மாடுகள் நலமா?" என்று ஒரு கேள்வி சேர்த்துக் கேட்கட்டும். மாட்டைப் பார்க்கும் மருத்துவர், "வீட்டில் யாருக்கேனும் காய்ச்சலா?" என்று கேட்கட்டும். இக்கேள்விகளுக்குக் காசு செலவில்லை. ஈப்போவின் பண்ணைகளில் பன்றிகள் இருமிய நாட்களில் கேட்கப்பட வேண்டியிருந்தவை இவையே. கேட்கத் தெரிந்தவர்களை உருவாக்குவதே பல்கலைக்கழகத்தின் கடன். கேட்டுக்கொண்டே இருப்பது உங்கள் கடன்.